இடக்கை எழுத்து

பேண்ட் நைஃப் தின்றது ஒரு விரலைத்தான்.
வலது கையில், சுட்டுவிரல்.
நாற்பத்திரண்டு அடுக்குத் துணி,
நேவி புளூ, குழந்தைகள் டீசர்ட்.
ஷிப்மெண்ட் வெள்ளிக்கிழமை என்று
இரும்புக் கையுறையைக் கழற்றி வைத்தவன் நான்தான்.
கத்தியைச் சொல்லிக் குற்றமில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள்
சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டினேன்.
நாகமணி போட்டுவிட வந்தாள்.
"விடு" என்றேன்.
விட்டுவிட்டாள். மணி எட்டே கால்,
அவளுக்கும் செக்கிங் டேபிள் காத்திருந்தது.

மகளுடைய பழைய இரட்டைக்கோட்டு நோட்டில்
கடைசிப் பதினெட்டுப் பக்கம் மிச்சம்.
விடிகாலை ஐந்தே காலுக்கு,
காம்பவுண்டில் மோட்டார் போடுமுன்
இடது கையால் என் பெயரை எழுதுவேன்.
குழந்தைவேலு. குழந்தைவேலு.
ஐம்பத்தோரு வயதில்
குழந்தை என்று எழுதவே நாலு நிமிஷம்.
ழு ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சாய்ந்தது,
அமராவதியில் தண்ணீர் வந்தால் நாணல் சாயுமே,
அந்த அழகெல்லாம் இல்லை,
கடைசி பஸ்ஸை விட்ட குடிகாரன் மாதிரி.

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் தோள் கடுக்கும்.
எழுதாத நாள்களும் உண்டு.
மாரியாத்தா நோம்பிக்கு மூன்று நாள்,
காய்ச்சலில் ஒரு வாரம்,
சும்மா வெறுத்துப்போய் இரண்டு நாள்.
நோட்டு எதுவும் கேட்கவில்லை.
விட்ட இடத்திலேயே திறந்துகொண்டது.
பக்கம் தீர்ந்ததும் பேட்டர்ன் பேப்பரின் முதுகு.

கம்பெனி வாசலில் விரல் வைக்கும் மிஷின்
என்னைத் தெரியாது என்றது.
ஹெச்.ஆர். பொண்ணு இடது பெருவிரலைப் பதிந்துகொண்டாள்.
இப்போது நான் பெருவிரல்.

இனிச் சொல்வதை நாகமணியிடம்கூடச் சொன்னதில்லை.
எனக்கு அந்த விரலில்தான் வாய் இருந்தது.
ஏய் நீ. அதை எடு. இங்க வா. வெளிய போ.
நீட்டினால் ஓடி வந்தார்கள்.
பெயர் எதற்கு?
திரும்பி வந்த முதல் வாரம்
ரோல் தூக்குகிற பையனைக் கூப்பிடக் கையை நீட்டினேன்.
நாலு பேர் நின்றார்கள்,
நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
பிறகு ஒருத்தன் மட்டும்
அங்கே இல்லாத விரலையே பார்த்தான்.

"உம் பேரென்னப்பா?"
இரண்டு வருஷமாய் எனக்குத் துணி விரிக்கிறவன்.
"தீபாங்கர், மாஸ்டர்."

அடுத்த நாள் என் பெயரை எழுதவில்லை.
தீபாங்கர், பதினான்கு வரி.
அதற்கடுத்து ராம்பிரவேஷ்; அந்த ஷ் ஒரு வாரம் எடுத்தது.
கழிவுத்துணி மூட்டை கட்டும் சிலம்பாத்தா.
வாட்ச்மேன் பெயர் செவந்தியப்பனாம்,
ஆறு வருஷமாக எனக்குச் சல்யூட் அடித்தவர்.

கோபம் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம்.
நேற்றுக்கூட ஒரு சைஸ் மாறிய அட்டையை
விசிறி அடித்தேன்.
ஆனால் பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தால்
பாதியில் நாக்கு தடுக்குகிறது.
தெரிந்த ஆளைத் திட்டுவது
கொஞ்சம் வேலை கூடுதல்.

மூன்று பித்தானை நானே போட்டுவிடுவேன்.
கழுத்துப் பித்தானுக்கு நாகமணி.
இப்போது நானாகவே கூப்பிடுகிறேன்.

போன வாரம் பேங்கில்
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று
செக்கைத் திருப்பித் தந்தார்கள்.
அந்தம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.
அம்பு மாதிரிப் பாயும் ஒரு கிறுக்கல், அடியில் இரண்டு வெட்டு.
"இது உங்குளுதுங்களா?"
"அப்ப இருந்ததுங்க."

படிவத்தில் மூன்று கட்டம்.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
நான் மெதுவாகத்தான் போட்டேன்.
மூன்றும் ஒன்றுபோல் வரவில்லை;
நடுக்கட்டத்தில் மட்டும் ழு நிமிர்ந்து நின்றது.
அந்தம்மா அதைச் சுழித்தார்.
"இதையே வெச்சுக்கலாங்களா?"
"வெச்சுக்கங்க" என்றேன்,
"மாறுச்சுன்னா வந்து சொல்றனுங்க."